தாடிக்கு எண்ணெய்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எந்த எண்ணெயும் தாடியை முளைக்க வைக்காது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் தாடி எண்ணெய் கேட்டு நிற்கும் தம்பிகளில் பலர் இந்த ஆசையில்தான் வருகிறார்கள். கன்னத்தில் எங்கே முடி வரும், எவ்வளவு அடர்த்தியாக வரும் என்பதைப் பரம்பரையும் ஆண் ஹார்மோன்களும்தான் முடிவு செய்கின்றன. வயதும் சேர்த்தி. இருபது வயதில் திட்டுத்திட்டாக இருக்கும் கன்னம் முப்பதை நெருங்கும்போது நிரம்பிவிடுவது சாதாரணம். முடி வளர மினாக்சிடில் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எண்ணெய் அல்ல, மருந்து. தலைக்கென அங்கீகரிக்கப்பட்ட அந்த மருந்தை முகத்தில் போடுவதென்றால் தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அப்படியானால் எண்ணெய் எதற்கு? தாடி முடி தலைமுடியைவிடத் தடிமனானது, முரடு. அதன் அடியில் இருக்கும் தோல் தானாகவே கொஞ்சம் எண்ணெய்ப் பசை சுரக்கும். முடி குட்டையாக இருக்கும்வரை அது போதும். முடி நீள நீள, சுரக்கும் பசை நுனிவரை போய்ச் சேராது. அதற்கு மேல் நாம் தினமும் சோப்பு போட்டு இருப்பதையும் கழுவிவிடுகிறோம். விளைவாக நுனி கம்பி மாதிரி நிற்கும், அடித்தோல் அரிக்கும், கறுப்புச் சட்டையில் வெள்ளைப் பொடி உதிரும். இந்த மூன்றையும் சரிசெய்வதுதான் எண்ணெயின் வேலை. இந்த வேலைக்குத் தேவையானதில் பாதி உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது.

முதல் சில வாரங்கள்

சவரத்தை நிறுத்திய முதல் மூன்று நான்கு வாரம்தான் பலரும் தோற்கிற இடம். அரிப்பு தாங்காமல் மழித்துவிடுவார்கள். பிளேடு வெட்டிய முடியின் முனை கூராக இருக்கும். அது வளர்ந்து, வளைந்து, பக்கத்துத் தோலைக் குத்துவதுதான் அரிப்புக்கு ஒரு முக்கியக் காரணம். தாடி ஒரு நாளைக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை வளரும், மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். கொஞ்சம் நீளம் வந்ததும் முடி படிந்துவிடும், குத்தலும் அடங்கும். அதுவரை குளித்து வந்ததும் இரண்டே சொட்டு எண்ணெய் தேய்த்தால் போதும். நகத்தால் சொறியாதீர்கள். கழுத்துப் பக்கம் சுருட்டை முடி உள்ளவர்களுக்கு முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து சிவந்த பருக்களாக வரலாம். அதைக் கிள்ளிப் பிடுங்கினால் தழும்பு நிற்கும்.

இந்தக் காலத்தில் கன்னக் கோட்டைத் தொடாதீர்கள். கழுத்துக் கோட்டை மட்டும், தொண்டையில் ஏறி இறங்கும் மேட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே வைத்து, அதற்குக் கீழே உள்ளதை எடுத்துவிடலாம். சலூன் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘நீட்டா பண்ணித் தரேன் தம்பி’ என்று தாடை விளிம்புவரை ஏற்றிவிடுவார்.

எந்த எண்ணெய்?

தேங்காய் எண்ணெயில் தொடங்குவோம், நாம் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறோம். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். மூலக்கூறு சிறியது, கிளையில்லாமல் நேரானது. அதனால் முடியின் மேலேயே நின்றுவிடாமல் உள்ளேயும் இறங்குகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆட்கள் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். முடிக்கு இவ்வளவு நல்லது, ஆனால் முகத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. துவாரங்களை அடைக்கும் தன்மை அதற்கு உண்டு. பரு வரும் முகம் என்றால் அதைத் தடவிக்கொண்டு நாள் முழுக்க இருக்காதீர்கள். தலைக்கு வைப்பது போலக் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் முடியில் மட்டும் தடவி, அலசிவிடுங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஊட்டியிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள் மார்கழியில் உள்ளங்கையில் வைத்து உருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நல்லெண்ணெய் தோலுக்கு ஒத்துப்போகும், சீக்கிரம் கெடாது. ஆனால் வாசம்! எள் வாசத்தோடு அலுவலகம் போக எல்லோருக்கும் மனம் வராது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் தலையோடு தாடிக்கும் தேய்த்து ஊறவிடுங்கள், அதற்கு இதைவிட நல்லது இல்லை. செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது வழக்கம் என்பதால் அடியில் வண்டல் நிற்கும். தெளிந்த மேல் எண்ணெயை மட்டும் எடுங்கள்.

விளக்கெண்ணெயைப் பற்றித்தான் கட்டுக்கதைகள் அதிகம். ‘விளக்கெண்ணெய் தேய்த்தால் தாடி காடாக வளரும்’ என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. அதில் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலிக் அமிலம். அந்தக் கொழகொழப்பு அதனால்தான் வருகிறது. முடியின் மேல் தடித்த படலமாக நிற்கும், பளபளப்பு தரும். அந்தப் பளபளப்பில் தாடி அடர்த்தியாகத் தெரிவதைத்தான் வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தனியாகத் தடவினால் பிசுபிசுப்பில் ஊர்த் தூசியெல்லாம் தாடியில்தான் குடியிருக்கும். நீளமான தாடியில் அள்ளிப் பூசிவிட்டுக் கசக்கிக் கழுவினால் முடி சிக்குண்டு சடையாகிவிடவும் கூடும். வேறு எண்ணெயோடு பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் நல்ல பிடிமானம் தரும். மீசை முறுக்குபவர்கள் விளக்கெண்ணெயையும் தேன்மெழுகையும் சம எடையில் எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்கி ஆறவிட்டால், சித்திரை வெயிலிலும் இளகாத மீசை மெழுகு தயார்.

பாதாம் எண்ணெய் புதியவர்களுக்கு என் முதல் பரிந்துரை. லேசானது, வாசம் குறைவு, கலவைக்கு அடித்தளமாக நன்றாக நிற்கும். இனிப்புப் பாதாமில் எடுத்ததா என்று பாருங்கள். சில சீசாக்களில் ‘பாதாம்’ என்று பெரிதாகப் போட்டு உள்ளே பெரும்பகுதி மினரல் ஆயிலாக இருக்கும். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் இதையும் கடலை எண்ணெயையும் தவிர்த்துவிடுங்கள்.

ஜோஜோபா நம் ஊர்ச் சரக்கல்ல. அமெரிக்காவின் அரிசோனாவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே பரந்திருக்கும் சொனோரா பாலைவனத்துப் புதர். இப்போது ராஜஸ்தானிலும் பயிராகிறது. உண்மையில் அது எண்ணெயே இல்லை, திரவ மெழுகு. நம் தோல் சுரக்கும் பசையிலும் இதே வகை மெழுகு கணிசமாக இருக்கிறது. அதனால்தான் முகத்தில் பாரமாகத் தெரியாமல் உறவாகிவிடுகிறது. சிக்கு வாடையும் எளிதில் வராது. எண்ணெய் வழியும் முகம், பரு முகம் உள்ளவர்கள் காசு செலவழித்து ஒன்று வாங்குவதென்றால் இதை வாங்கலாம். விலை அதிகம் என்பதால் கலப்படமும் அதிகம். ஒரு கரண்டி எடுத்து ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். நல்ல ஜோஜோபா கலங்கி உறையும். காலையிலும் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தால் அதில் ஜோஜோபா பெயரளவுக்குத்தான். உறைந்துவிட்டதாலேயே அசல் என்றும் சொல்லிவிட முடியாது, தேங்காய் எண்ணெய் கலந்திருந்தாலும் உறையும்.

ஆர்கன் எண்ணெய் மொராக்கோவின் தென்மேற்கிலிருந்து வருகிறது. அங்கே உள்ள ஆர்கன் மரக்காடுகளை 1998-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பெண்கள் கையால் கல்லில் உடைத்து எடுக்கும் பருப்பிலிருந்து வடிப்பதால் விலை எகிறுகிறது. நல்ல எண்ணெய்தான், ஆனால் பாதாம் செய்யாத எதையும் அது தாடிக்குச் செய்துவிடப் போவதில்லை.

முகத்துக்கு ஆகாதவை சில உண்டு. கடுகு எண்ணெய் காரம், எரிச்சல் தரும். வேப்பெண்ணெய் வாடை பக்கத்தில் ஆளை நிற்கவிடாது. ஆலிவ் எண்ணெய் பெயர் பெற்றது, ஆனால் அதில் மிகுதியாக இருக்கும் ஒலிக் அமிலம் தோலின் மேல்காப்பைத் தளர்த்துகிறது. வறண்ட, உரியும் தோல் உள்ளவர்கள் அதை விட்டுவிட்டுச் சூரியகாந்தி எண்ணெயைப் பயன்படுத்தலாம். ஆமாம், அதே சமையல் எண்ணெய்தான். பலகாரம் பொரித்த மிச்சம் வேண்டாம், அவ்வளவே.

வாங்கும்போது

மரச்செக்கு எண்ணெய் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். கொப்பரை பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை காட்டுவதுண்டு. வெள்ளை வெளேரென்று மின்னும் கொப்பரையைப் பார்த்தால் கந்தகம் போட்டதா என்று செக்குக்காரரிடம் கேளுங்கள். எண்ணெயை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பழைய நிலக்கடலையை மென்றால் வருமே, அந்தச் சிக்கு வாடை துளி அடித்தாலும் வேண்டாம்.

சீசாவில் வருவதை வாங்கினால் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். அதிகமாக இருப்பது முதலில் வரும். ‘லிக்விட் பாரஃபின்’ அல்லது ‘மினரல் ஆயில்’ முதலிடத்தில் நின்று, முன்பக்கம் படமாகப் போட்ட மூலிகை கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் காசு கொடுப்பது பெட்ரோலியத்துக்கு. அது முகத்துக்குக் கெடுதல் என்று சொல்ல மாட்டேன், தோலில் சாதுவாகவே இருக்கும். தாவர எண்ணெய் விலைக்கு அதை ஏன் வாங்க வேண்டும் என்பதே கேள்வி.

வீட்டிலேயே கலக்க

சிறிய சொட்டு சீசா, பழுப்பு நிறக் கண்ணாடியில், 30 மில்லி. கழுவி, ஒரு துளி ஈரமில்லாமல் காயவையுங்கள். அதில் பாதாம் எண்ணெய் 20 மில்லி, ஜோஜோபா 7 மில்லி, விளக்கெண்ணெய் 3 மில்லி. மூடிக் குலுக்குங்கள், முடிந்தது. எண்ணெய் வழியும் முகமென்றால் விளக்கெண்ணெயை விட்டுவிட்டு ஜோஜோபாவைக் கூட்டுங்கள். ஜோஜோபா கிடைக்கவில்லை என்றால் சூரியகாந்தி. வைட்டமின் ஈ காப்ஸ்யூல் ஒன்றை உடைத்து ஊற்றினால் எண்ணெய் கெடுவது தள்ளிப்போகும்.

வாசனை வேண்டுமா? இங்கேதான் கை அடக்கம் தேவை. லாவெண்டர், வெட்டிவேர், சந்தனம், டீ ட்ரீ என எந்த நறுமண எண்ணெயாக இருந்தாலும் 30 மில்லிக்கு மொத்தம் 6 சொட்டு, அதாவது ஏறத்தாழ 1 சதவீதம். அவை செடியின் சாரம் செறிந்த திரவங்கள், நேரடியாகத் தோலில் வைத்தால் எரியும், நாளடைவில் ஒவ்வாமையும் வரும். பழைய சீசா இன்னும் மோசம், காற்றுப்பட்ட லாவெண்டர் எண்ணெய் புதியதைவிட அதிகம் ஒவ்வாமை தரும். எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்த எண்ணெயும், பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயும் வெயிலில் தோலைக் கருக்கிவிடும், பைக்கில் சுற்றுகிறவர்கள் கிட்டே போக வேண்டாம். ஊட்டியிலிருந்து வாங்கிவந்த நீலகிரித் தைலத்தைத் தாடியில் தடவும் யோசனையும் வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தைலம், கற்பூரம், புதினா எண்ணெய் எதுவும் உங்கள் முகத்தில் இருக்கக் கூடாது. பிள்ளையை முத்தமிடும்போது அதன் மூக்கருகே போகும் ஆவி மூச்சுத்திணறல்வரை கொண்டுபோகலாம்.

கறிவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கேட்பவர்களுக்கு: தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் காய்ச்சும் பதம் முக்கியம். இலையில் இருக்கும் தண்ணீர் முழுவதும் போக வேண்டும். சடசடப்பு அடங்கி, அடியில் நிற்கும் சக்கை மொறுமொறுவென்று ஆனால்தான் பதம். சந்தேகமிருந்தால் ஒரு திரியை அதில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள், வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரம் மிச்சமிருந்த எண்ணெயில் பூஞ்சை பிடிக்கும்.

எதைக் கலந்தாலும், எதை வாங்கினாலும், முகத்துக்குக் கொண்டுபோகும் முன் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் தாடிக்கு வரட்டும்.

தடவும் முறை

எண்ணெய் ஈரத்தைக் கொண்டுவராது, இருக்கும் ஈரத்தைப் பூட்டிவைக்கும். அதனால் காய்ந்த தாடியில் தடவிப் பயனில்லை. குளித்ததும் துண்டால் அழுந்தத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், சொட்டாத அளவு ஈரம் இருக்கட்டும். அந்த இரண்டு நிமிடம்தான் சரியான நேரம்.

குட்டைத் தாடிக்கு 2 அல்லது 3 சொட்டு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் வந்துவிட்டால் 5 சொட்டுவரை. நெஞ்சைத் தொடும் தாடி வைத்திருப்பவர்கள் 10 சொட்டு எடுத்துக்கொள்ளட்டும். உள்ளங்கையில் விட்டு இரண்டு கையையும் தேய்த்து, முதலில் விரல் நுனிகளை முடிக்குள் விட்டு அடித்தோலைத் தொடுங்கள். பெரும்பாலோர் தாடியின் மேலே பூசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள், அரிப்பு இருப்பதோ அடியில். தோலுக்குப் போன பிறகு வேரிலிருந்து நுனிக்கு உருவுங்கள். கையில் மிச்சமிருப்பது மீசைக்கு. பிறகு அகலப் பல் மரச் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்தபடி மேலே வந்து, கடைசியில் மேலிருந்து கீழாகச் சீவுங்கள். பிளாஸ்டிக் சீப்பின் அச்சுப் பிசிறு முடியைக் கிழிக்கும். பத்து நிமிடம் கழித்து டிஷ்யூ தாளைத் தாடியில் ஒற்றிப் பாருங்கள். எண்ணெய்க் கறை பெரிதாகப் பிடித்தால் நாளை ஒரு சொட்டைக் குறையுங்கள்.

ஹெல்மெட் போடுகிறவர்கள் எண்ணெய் தடவிய கையோடு கிளம்ப வேண்டாம், கொஞ்சம் ஊறட்டும். வார் மாட்டும்போது தாடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தாடை ஓரத்தில் மட்டும் முடி முறிந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்த வார்தான்.

கழுவுவது

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மென்மையான ஷாம்பு, மற்ற நாட்களில் வெறும் தண்ணீர். குளியல் சோப்பைத் தாடிக்குக் கொண்டுவராதீர்கள். போர் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு உப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவமாக முடியில் ஒட்டும், அதற்குப் பிறகு எந்த எண்ணெயும் மென்மை தராது. கடைசி அலசலுக்கு ஒரு குவளை நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டாலே வித்தியாசம் தெரியும். சீயக்காயும் அரப்பும் எண்ணெயை நன்றாக எடுக்கும், ஆனால் தூள் தாடிக்குள் மாட்டிக்கொண்டு வரவே வராது. துணியில் கட்டி ஊறவைத்து அந்தத் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

எண்ணெயை நிறுத்த வேண்டிய நேரம்

தாடிக்குள் மஞ்சள் பூத்த செதில்கள், மூக்கோரமும் புருவமும் சேர்ந்து சிவந்து உரிவது, இவை வறட்சியால் வருபவை அல்ல, பொடுகு வகை. மலசீசியா என்ற பூஞ்சை அதற்குப் பின்னால் இருக்கிறது. அது கொழுப்பைத் தின்று வாழ்வது, நாம் தடவும் எண்ணெயே அதற்குச் சோறு. செதிலைப் பார்த்ததும் இன்னும் இரண்டு சொட்டு கூட்டுவதுதான் இங்கே நடக்கும் வழக்கமான விபரீதம். எண்ணெயை நிறுத்தி, மருந்துக்கடையில் கிடைக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் (பூஞ்சைக்கான மருந்து) ஷாம்புவை வாரத்துக்கு இரண்டு முறை, நுரையை மூன்று நான்கு நிமிடம் விட்டு அலசிப் பாருங்கள். மூன்று நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் மருத்துவர்.

வட்டமாக, வழுவழுவென்று ஒரு நாணய அளவுக்கு முடி கொட்டினால் அது புழுவெட்டு. பெயரில் இருக்கும் புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடலின் எதிர்ப்பு சக்தி முடி வேரையே தாக்குவதால் வருவது. சின்ன வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஓரம் சிவந்து வளையமாகப் பரவி அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். அதன்மேல் எண்ணெய் வேண்டாம். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம். இரண்டு நாள் அடங்கியது போலக் காட்டி, நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பும். உங்கள் சீப்பு, துண்டு, ட்ரிம்மரை வீட்டில் வேறு யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சலூனிலும் குணமாகும்வரை தாடியைக் கொடுக்காதீர்கள்.